கோடு விழுந்த மூன்று மெயில்கள்

"என் வீட்டுக்காரர் தப்பு பண்ணலைன்னு நீங்க நிரூபிக்கணும் மேடம்," என்றாள் வந்தவள். "ஆனா ஒரு சிக்கல். தப்பு பண்ணிட்டேன்னு அவரே எழுதிக் கொடுத்துட்டார்."

உதவியாள் ரேடியோ, வாயிலிருந்த தேநீரை அவசரமாக விழுங்கினான். "நமக்குன்னு வர்ற கேஸ் எல்லாம் இப்படித்தான்க்கா. போன மாசம் காணாமப் போனவர், நான் காணாமப் போகவே இல்லைன்னு சண்டைக்கு வந்தார்."

"கொஞ்சம் வாயை மூடு," என்றாள் கமா. "நீங்க உட்காருங்கம்மா."

கமா அவள் சொந்தப் பெயர் இல்லை. இருபத்திரண்டு வருஷம் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவளாக இருந்தவள். மற்றவர்கள் கடகடவென்று படித்துவிட்டுப் போகும் இடத்தில் அவள் மட்டும் ஒரு நொடி நிற்பாள். அதனால் அச்சகத்தார் வைத்த பெயர். அந்த ஒரு நொடியை நம்பித்தான் இந்தத் துப்பறியும் அலுவலகத்தைத் திறந்திருந்தாள். அதே அச்சகத்தில் வேன் ஓட்டிக்கொண்டிருந்த ரேடியோ கூடவே வந்துவிட்டான். அவனுக்கு ஏன் அந்தப் பெயர் என்பதை அவன் பக்கத்தில் ஐந்து நிமிடம் நின்றவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வந்தவள் ஒரு நூலகர். அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். மாதத்துக்கு ஒரு முறை அவர் போய்ப் பார்க்கும் ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றில், முந்தாநாள் புதன்கிழமை காலை லிஃப்ட் பிரேக் பிடிக்காமல் கீழே இறங்கி அடித்தது. உள்ளே இருந்தவர் மூன்றாம் மாடியில் தையல் கடை வைத்திருக்கும் அம்மாள். கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்.

"பிரேக் தேஞ்சிருந்ததை முன்கூட்டியே எச்சரிச்சீங்களான்னு கேட்டாங்க. இல்லை, மறந்துட்டேன்னு சொல்லிட்டார். இன்னிக்கு மூணு மணிக்கு விசாரணை. அங்கயும் அதையே சொன்னார்னா லைசென்ஸ் போச்சு. அப்புறம் போலீஸ், கோர்ட்டு..." நூலகர் நிறுத்தி மூச்சு வாங்கினாள். "ஆனா அவர் எச்சரிச்சார் மேடம். செவ்வாய்க்கிழமை மத்தியானம் லிஃப்டைப் பார்த்துட்டு வந்தார். சாயங்காலம் வீட்ல, தான் எடுத்த ஃபோட்டோவைப் பெருசு பண்ணிப் பார்த்தார். முகமே மாறிப் போச்சு. உடனே உக்காந்து அந்தக் கட்டடத்து ஆபீசுக்கு மெயில் அடிச்சார்."

"ஒரு ஃபோன் போட்டிருக்கலாமே?" என்றான் ரேடியோ.

"எழுத்துல கொடுத்தாதான் செல்லும்னு அவங்க கம்பெனி விதி."

"அவர் மெயில் அடிச்சதுக்கு என்ன சாட்சி?" என்று கேட்டாள் கமா.

"நான்தான். தேய்மானத்துக்கு ரெண்டு சுழியா மூணு சுழியான்னு என்னைக் கேட்டார். ரெண்டு சுழின்னு சொன்னேன்."

கமா முதல்முறையாகப் புன்னகைத்தாள். "அனுப்பாத கடிதத்துக்கு யாரும் சுழி கேக்க மாட்டாங்க. லேப்டாப் கொண்டு வந்திருக்கீங்களா?"

கொண்டு வந்திருந்தாள். வீட்டில் கணவனும் மனைவியும் மட்டும் பயன்படுத்துவது. மெக்கானிக்கின் மெயில் எப்போதும் திறந்தே கிடக்கும். அனுப்பியவை பகுதியில் அந்தக் கடிதம் இல்லை. கமா குப்பைத்தொட்டிக்குள் போனாள். மூன்று வாரக் குப்பை அங்கே குவிந்திருந்தது. தள்ளுபடி விளம்பரம், போலி லாட்டரி, தலைமுடி வளர்க்கும் எண்ணெய்.

"இந்த எண்ணெயை மட்டும் எனக்கு அனுப்பி வைங்களேன்," என்றான் ரேடியோ, தன் நெற்றியைத் தடவிக்கொண்டு.

"இதுல அழிக்கிற எதுவும் முப்பது நாள் இந்தத் தொட்டியில கிடக்கும்," என்றாள் கமா. "அப்புறம்தான் தானாப் போகும். மூணு வாரத்துக்கு முந்தின முடி எண்ணெய் இருக்கு. மூணு நாளைக்கு முந்தின கடிதம் இல்லை."

"அப்படின்னா அனுப்பவே இல்லைன்னு ஆயிடுமா?" நூலகர் நாற்காலியின் நுனிக்கு வந்தாள்.

"அனுப்பலைன்னு ஒரு அர்த்தம் இருக்கு. இன்னொரு அர்த்தமும் இருக்கு." கமா லேப்டாப்பை மூடினாள். "அந்த ஆபீசுக்குள்ள நம்மை யார் விடுவாங்க?"

"என் தம்பி அங்கதான் வேலை பார்க்கறான். நான் சொன்னா விடுவான்."

வேனில் போகும்போது ரேடியோ ஆரம்பித்தான். "வில்லன் யார்னு எனக்குத் தெரிஞ்சு போச்சுக்கா. அந்தக் கட்டடத்து மேனேஜர். எச்சரிக்கையைப் படிச்சான், சோம்பேறித்தனமா விட்டுட்டான், லிஃப்ட் விழுந்ததும் மெயிலை அழிச்சுட்டான். நாம போறோம், பிடிக்கறோம், சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பறோம்."

கமா ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். நூலகர் பின்சீட்டில் கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

கட்டடத்தின் வாசலில் லிஃப்ட் கதவுக்குக் குறுக்கே மஞ்சள் நாடா கட்டியிருந்தது. நூலகரின் தம்பி ஓடி வந்தான். முப்பது வயதிருக்கும். இரண்டு நாளாகச் சவரம் செய்யாத முகம். "வாக்கா," என்றான். அக்காவின் கையிலிருந்த லேப்டாப் பையை அவனே வாங்கிக்கொண்டான். "மாமா எப்படி இருக்கார்?"

"சாப்பிடவே மாட்டேங்கறார்டா."

அவன் வேகமாக முன்னால் நடந்தான்.

அலுவலக அறை, எதையும் தூக்கிப் போடத் தெரியாத ஒரு மனிதருடையது என்று பார்த்தவுடன் தெரிந்தது. மூன்று வருஷத்துக் காலண்டர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே ஆணியில். மை தீர்ந்த பேனாக்கள் ஒரு டப்பா நிறைய. காகிதக் கட்டுகள் ஜன்னலை மறைத்தன. நடுவில் மேனேஜர், நெற்றியில் ஒரு கண்ணாடி, மூக்கில் ஒரு கண்ணாடி.

"வந்து பாருங்க, நல்லாப் பாருங்க!" என்றார் சூடாக. "மெயிலும் வரலை, ஒண்ணும் வரலை. அந்த ஆளே ஒத்துக்கிட்டார். அப்புறம் இந்த அம்மாவுக்கு என்ன?"

அறைக்கு ஒரே கம்ப்யூட்டர், ஆபீசுக்கு ஒரே மெயில் முகவரி. கடவுச்சொல்லை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதித் திரையின் ஓரத்திலேயே ஒட்டியிருந்தார்கள்.

"திருடன் கஷ்டப்படக் கூடாதுன்னு நல்ல மனசு சார் உங்களுக்கு," என்றான் ரேடியோ.

கமா உட்கார்ந்தாள். பழைய காலத்து மெயில் புரோகிராம். வந்தவை பகுதியில் செவ்வாய் மாலை மெக்கானிக்கிடமிருந்து எதுவும் இல்லை. புதன் காலையும் இல்லை. குப்பைத்தொட்டியைத் திறந்தாள். வெள்ளை வெளேர் என்று இருந்தது.

"இந்த ரூம்லயே சுத்தமான இடம் இதுதான்க்கா," என்று ரேடியோ அவள் காதில் கிசுகிசுத்தான். "ஆள் மாட்டிக்கிட்டான். விலங்கு மாட்டிடலாமா?"

கமா எழுந்து நாற்காலியை மேனேஜர் பக்கம் தள்ளினாள். "சார், ஒரு சின்ன உதவி. அந்த ஷூ விளம்பரம் வந்திருக்கு பாருங்க. அதைக் கொஞ்சம் அழிச்சுக் காட்டுங்களேன்."

மேனேஜர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நெற்றிக் கண்ணாடியை இறக்கினார். சுட்டி திரை முழுவதும் ஒரு சுற்று சுற்றி வந்தது. எதையோ அழுத்தினார். மூலையிலிருந்த பிரிண்டர் கடகடவென்று உயிர் பெற்றது.

"போயிடுச்சா?" என்றார்.

"வந்துடுச்சு சார்," என்று ரேடியோ ஷூ படம் போட்ட காகிதத்தை எடுத்து நீட்டினான்.

"எனக்கு இதெல்லாம் வராதுங்க. மெயிலைத் தம்பிதான் பார்ப்பார். பேப்பர்ல எடுத்துக் கொடுப்பார், நான் படிப்பேன்." மேனேஜர் ஷூ படத்தையும் பத்திரமாக ஒரு காகிதக் கட்டுக்குள் சொருகினார்.

ரேடியோவின் முகம் தொங்கிவிட்டது. வேனிலிருந்து கட்டிக்கொண்டு வந்த வழக்கு பிரிண்டர் வழியாக வெளியே போய்விட்டது.

கமா மறுபடி உட்கார்ந்தாள். திரையின் கீழ் மூலையில், யாரும் பார்க்காத இடத்தில், சின்ன எழுத்தில் ஓர் எண் இருந்தது. மொத்தம் 318. அவள் விசைப்பலகையில் இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினாள். பட்டியல் முழுவதும் நீல நிறமானது. இப்போது அதே மூலையில் வேறோர் எண் வந்தது. தேர்ந்தெடுத்தவை 316.

"ரேடியோ, வீட்டுக்குள்ள முன்னூத்திப் பதினெட்டுப் பேர் இருக்காங்கன்னு வீடே சொல்லுது. எல்லாரும் எழுந்து நில்லுங்கன்னா முன்னூத்திப் பதினாறு பேர்தான் நிக்கறாங்க."

"மிச்ச ரெண்டு பேர் கட்டிலுக்கு அடியில!"

"அதேதான்." கமா நூலகர் பக்கம் திரும்பினாள். "மெயில் புரோகிராம் எல்லாம் ஒரே மாதிரி அழிக்காதும்மா. உங்க வீட்ல இருக்கறது, எடுத்துட்டுப் போய்த் தொட்டியில போடும். இது பழைய ரகம். தொட்டி பேருக்குத்தான் இருக்கு. அழின்னு சொன்னா, வாத்தியார் வருகைப் பதிவேட்டுல பேரை அடிக்கிற மாதிரி மேல ஒரு கோடு மட்டும் போடும். பேர் அங்கயேதான் இருக்கும். சுத்தம் செய்னு தனியா ஒரு உத்தரவு கொடுத்தாத்தான் நிஜமாவே போகும். அதுவரைக்கும், கோடு போட்டது கண்ணுல படாம மறைச்சு வச்சுக்கலாம். மறைச்சுட்டா போயிட்ட மாதிரியே தெரியும்."

அவள் மேலேயிருந்த பட்டியலைத் திறந்து, அடித்தவற்றை மறை என்ற வரிக்கு எதிரே இருந்த குறியை எடுத்தாள்.

திரை ஒருமுறை சிமிட்டியது. விளம்பரங்களுக்கு நடுவே, குறுக்கே கோடு விழுந்த இரண்டு வரிகள் முளைத்தன. இரண்டும் லிஃப்ட் மெக்கானிக் அனுப்பியவை.

நூலகர் வாயைப் பொத்திக்கொண்டாள். கமா முதலாவதைத் திறந்து படித்தாள். செவ்வாய் மாலை ஆறு பத்து.

"மேனேஜர் அவர்களுக்கு வணக்கம். லிஃப்டின் பிரேக் கட்டையில் தேய்மானம் அளவுக்கு மேல் உள்ளது. புதிது பொருத்தும்வரை லிஃப்டை இயக்க வேண்டாம். மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டி வைக்கவும். பதில் அனுப்பவும்."

"ரெண்டு சுழி!" என்றாள் நூலகர். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "சொன்னேன்ல மேடம், சொன்னேன்ல!"

"இப்படி ஒண்ணு வந்ததே எனக்குத் தெரியாதுங்க," என்றார் மேனேஜர். சூடு எல்லாம் இறங்கி, குரல் கம்மிப் போயிருந்தது.

"கொஞ்சம் பொறுங்க." கமா இரண்டாவதைத் திறந்தாள். புதன் காலை எட்டு நாற்பது. ஒரே வரி. "பூட்டிட்டியா? ஒரு வரி போட்டுடு, நான் கிளம்பிட்டேன்."

எல்லோரும் அந்த வரியைத் தாண்டிப் போய்விட்டார்கள். கமா நின்றாள்.

"செவ்வாய்க்கிழமை 'வைக்கவும்', 'அனுப்பவும்'. புதன்கிழமை 'போட்டுடு'. ஒரே ராத்திரியில அந்த 'வும்' எங்க போச்சு?"

"அவசரத்துல விட்டிருப்பார்," என்றான் ரேடியோ.

"அவசரத்துல எழுத்து போகும். மரியாதை போகாது. சார், உங்களை அவர் எப்படிக் கூப்பிடுவார்?"

"சார்னுதாங்க."

"அப்போ நடுவுல வேற யாரோ அவருக்குப் பதில் போட்டிருக்காங்க. அவர் 'நீ'ன்னு பேசற ஆள். முதல் மெயிலுக்குப் பக்கத்துல பாருங்க, வளைஞ்ச அம்பு ஒண்ணு இருக்கு. பதில் அனுப்பியாச்சுன்னு அர்த்தம்."

கமா அனுப்பியவை பகுதிக்குப் போனாள். எண்ணிக்கை இருநூற்று நான்கு. தேர்ந்தெடுத்ததில் இருநூற்று மூன்று. மறுபடி குறியை எடுத்தாள். கோடு விழுந்த மூன்றாவது வரி எழுந்தது. அதைத் திறந்ததும் அவள் கை சுட்டியை விட்டு விலகியது. படிக்கவில்லை. ரேடியோ எட்டிப் பார்த்தான். அவனும் படிக்கவில்லை.

நூலகர் குனிந்து தானே வாய்விட்டுப் படித்தாள்.

"சரி மாமா. நாளைக்குக் காலைல முதல் வேலையா பூட்டிடறேன். நீங்க கவலைப்படாதீங்க."

கடைசி வார்த்தையைப் படிக்கும்போது அவள் குரல் இல்லை, உதடு மட்டும் அசைந்தது.

லேப்டாப் பையை நெஞ்சோடு அணைத்தபடி கதவருகே நின்றிருந்தான் தம்பி.

"மறந்துட்டேன்க்கா," என்றான். "புதன்கிழமை உள்ள வந்ததுமே நாலாம் மாடியில தண்ணிக் குழாய் உடைஞ்சு போச்சுன்னு கத்தினாங்க. ஓடினேன். அந்த லிஃப்டுலயேதான் ஏறிப் போனேன். மேல போய்க் குழாயைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறேன், கீழ அந்தச் சத்தம் கேட்டுச்சு. அப்பத்தான் ஞாபகம் வந்தது."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"இறங்கி வந்து மூணையும் அழிச்சுட்டேன். அன்னிக்கு ராத்திரி பூராவும் காத்துக்கிட்டிருந்தேன். மாமாகிட்ட ஒரு காப்பி இருக்குமே, காட்டிடுவார், காலைல என்னைத் தேடி வருவாங்கன்னு. அவர் காட்டவே இல்லை. ஏன்னு எனக்குப் புரியலைக்கா. போய்க் கேக்கவும் பயமா இருந்தது."

"அதுக்குப் பதில் எனக்குக் காலைலயே பாதி தெரிஞ்சு போச்சு," என்றாள் கமா மெதுவாக. "அந்த லேப்டாப்ல ஒரு கடிதம் தொட்டியில கூட இல்லாமப் போகணும்னா, முதல்ல அழிக்கணும். அப்புறம் தொட்டிக்குள்ள போய்த் தேடிப் பிடிச்சு மறுபடி அழிக்கணும். நிஜமாவான்னு அது கேக்கும். ஆமான்னு சொல்லணும். ஒரு தடவை அழிச்சா கை தவறிடுச்சுன்னு சொல்லலாம். இது தெரிஞ்சே பண்ணது. முடி எண்ணெயை விட்டுட்டு இதை மட்டும் அழிச்சிருக்கார். அந்த மெயிலைத் தொடறவங்க ரெண்டு பேர். அதுல ஒருத்தர் என்கிட்ட வந்து அழறாங்க."

"இந்த ஆபீசுக்கு மெயிலே வரலைன்னு சொன்னதும் அவருக்கு விளங்கியிருக்கும்," என்றான் ரேடியோ. அவன் குரலில் கிண்டல் இல்லை. "யார் அழிச்சதுன்னு."

நூலகர் மெல்ல நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அம்மா போனபோது தம்பிக்கு நான்கு வயது. அவனுக்குத் தலை வாரி, பள்ளிக்கு அனுப்பி, காய்ச்சலில் மடியில் போட்டு வளர்த்தவள் அவள். அவளைக் கல்யாணம் செய்துகொண்டவருக்கு அது தெரியும். இந்த வேலையை அவனுக்கு வாங்கிக் கொடுத்ததும் அவர்தான்.

சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்றரை.

"நீங்கதான் என்கிட்ட வந்தவங்க," என்றாள் கமா. "இதைக் கொண்டு போனா உங்க வீட்டுக்காரர் தப்பிப்பார். தம்பி மாட்டிப்பான். கொண்டு போகாட்டி என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்கதான் சொல்லணும்."

நூலகர் திரையைப் பார்த்தாள். கதவருகே நின்ற தம்பியைப் பார்த்தாள்.

திடீரென்று தம்பி பையைக் கீழே போட்டுவிட்டு மேஜைக்குப் பாய்ந்தான். சுட்டியைப் பிடித்தான். அம்பு நேராகச் சுத்தம் செய் என்ற பொத்தானை நோக்கி ஓடியது.

"டேய்!" என்று ரேடியோ தாவி அவன் தோளைப் பிடித்தான்.

"விடு," என்றாள் கமா.

அம்பு சுத்தம் செய் பொத்தானைத் தாண்டிப் போனது. அதற்கு அடுத்ததில் நின்றது. மீட்டெடு. தம்பி அழுத்தினான். மூன்றாவது மெயிலின் மேல் இருந்த கோடு மறைந்தது. வந்தவை பகுதிக்குப் போய் மற்ற இரண்டையும் அப்படியே எடுத்தான். பிறகு பிரிண்டருக்கு அனுப்பினான். மூன்று காகிதங்கள் ஒவ்வொன்றாக வந்து விழும்வரை யாரும் அசையவில்லை.

"நானே எடுத்துட்டுப் போறேன்க்கா," என்றான். "இதை நீ கொண்டு போக வேண்டாம்."

விசாரணை அறையில் ஒரு நீளமான மேஜை, ஆறு நாற்காலிகள், சத்தம் போடும் மின்விசிறி. கையெழுத்துக்காகப் பேனாவைத் திறந்து வைத்திருந்தார் மெக்கானிக். உள்ளே நுழைந்த மச்சினனையும் அவன் கையிலிருந்த காகிதங்களையும் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"நீ எதுக்குடா இங்க வந்தே? போ வீட்டுக்கு!"

அவன் போகவில்லை. மூன்று காகிதங்களையும் விசாரணை அதிகாரி முன் வைத்தான். கோடு போட்டதையும் கோடு எடுத்ததையும் அவன் வாயாலேயே சொன்னான். கூட வந்திருந்த மேனேஜர் தலையாட்டி ஆமோதித்தார். அதிகாரி ஒவ்வொன்றையும் இரண்டு முறை படித்தார். பிறகு மெக்கானிக்கை நிமிர்ந்து பார்த்தார்.

"எச்சரிக்கை அனுப்பியிருக்கீங்க. அனுப்பலைன்னு எழுதிக் கொடுத்தீங்க. ஏன்?"

மெக்கானிக் மச்சினனைப் பார்த்தார்.

"இவர் உங்களுக்கு என்ன உறவு?"

"மச்சினன் சார்."

"மச்சினன்ங்கறதுக்காகவா உங்க லைசென்ஸை விட்டீங்க?"

"இல்லை சார்." மெக்கானிக் சுவரோரம் நின்ற மனைவியைக் காட்டினார். "இவளுக்குத் தம்பி. அதுக்காக."

அதிகாரி பேனாவை மூடி வைத்தார். பிறகு முடிவைச் சொன்னார். மெக்கானிக்கின் லைசென்ஸ் தப்பியது. பொய்யாக எழுதிக் கொடுத்ததற்கு ஒரு மாதம் பணி இடைநீக்கம். தம்பிக்கு அன்றோடு வேலை போனது. அவன்மீது வழக்கு வரும். தையல்கார அம்மாள் என்ன சொல்கிறார் என்பதைப் பொறுத்து அது சின்னதாகவோ பெரியதாகவோ இருக்கும்.

வெளியே படிக்கட்டில் வைத்து நூலகர் முதலில் கணவரின் முதுகில் ஒன்று வைத்தாள். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" அடுத்தது தம்பியின் தோளில். அது கொஞ்சம் பலமாகவே விழுந்தது. அவன் வாங்கிக்கொண்டான்.

"மாமா," என்றான்.

"சரி விடு," என்றார் மெக்கானிக்.

தம்பி மேனேஜரிடம் திரும்பினான். "சார், தையல்காரம்மா எந்த வார்டுல இருக்காங்க?"

"ரெண்டாவது மாடி. எலும்பு வார்டு. இப்போ போனா பார்க்க விடுவாங்க. ஆனா..."

"போறேன் சார்."

அவன் தனியாகவே தெருவில் இறங்கினான். பத்து அடி போயிருப்பான். நூலகர் கைப்பையைக் கணவர் கையில் திணித்தாள்.

"நில்லுடா," என்றாள். "நானும் வர்றேன்."